ஐந்து டைரனோசாரஸா, ஒன்றா?

கேள்வி: சிறுவர் இதழ் ஒன்றுக்குப் படம் வரைகிறேன். ஐந்து டைரனோசாரஸ்கள் சேர்ந்து, மூன்று கொம்புள்ள தாவர உண்ணியான டிரைசெராடாப்ஸ் ஒன்றை வளைத்து மடக்குவதுபோல் நடுப்பக்கப் படம் தயார். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ‘அது புலி மாதிரி, தனியாகத்தான் வேட்டையாடும்’ என்கிறான். இதழாசிரியரோ, கனடாவில் டைரனோசாரஸ் குடும்பத்து விலங்குகள் 26 ஒரே இடத்தில் புதைந்து கிடைத்தன, ஆகவே ஓநாய்க் கூட்டம் மாதிரிதான் வேட்டையாடியிருக்கும் என்கிறார். யார் சொல்வது சரி? படத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: அன்புள்ள ஓவியருக்கு,

படத்தை மாற்றிவிடுங்கள். டைரனோசாரஸ் ரெக்ஸ் ஐந்து சேர்ந்து இரையை வளைத்தன என்று காட்ட இன்றுவரை ஒரு சான்றும் கிடையாது. அதற்காக உங்கள் மகன் முழுக்க ஜெயித்துவிட்டதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டைரனோசாரஸின் நெருங்கிய உறவு விலங்குகள் சில, வாழ்நாளில் சில காலமாவது ஒன்றன் அருகே ஒன்றாகத் திரிந்தன என்று எண்ண நல்ல காரணம் இருக்கிறது. ஆசிரியர் சொல்லும் கனடா இடமும் உண்மையான இடம்தான். அங்கிருந்து அவர் வந்து சேரும் முடிவில்தான் கோளாறு.

சேர்ந்து கிடப்பது, சேர்ந்து சாவது, சேர்ந்து திரிவது, சேர்ந்து வேட்டையாடுவது. இவை நான்கும் வெவ்வேறு. எலும்பு நமக்கு நேரடியாகச் சொல்வது முதலாவதை மட்டும். ஒவ்வொரு படி ஏறவும் தனித்தனிச் சான்று வேண்டும். இதைப் பற்றி வரும் தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் முதல் படியில் நின்றபடியே நான்காவது படிக்குத் தாவிவிடுகின்றன.

முதலில் அந்த 26 என்ற எண். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ரெட் டியர் ஆற்றங்கரையில் டிரை ஐலண்ட் பஃபலோ ஜம்ப் என்ற மாகாணப் பூங்கா இருக்கிறது. 1910-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடிப் போன பார்னம் பிரவுன், அங்கே ஆல்பர்ட்டோசாரஸ் எலும்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். ஆல்பர்ட்டோசாரஸ் டைரனோசாரஸ் குடும்பத்து விலங்கு. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, டைரனோசாரஸைவிட உடல் சிறுத்தது. எல்லாவற்றையும் தோண்டி எடுக்க அவருக்கு நேரம் இல்லை. எத்தனை விலங்குகள் கண்ணில் பட்டனவோ அத்தனையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த எலும்புகள் பல பத்தாண்டுகள் அலமாரியிலேயே கிடந்தன. பிலிப் கரி என்ற தொல்லுயிரியலாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, பிரவுன் காலத்துப் பழைய புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு 1997-இல் அதே மேட்டைத் திரும்பக் கண்டுபிடித்தார்.

எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். பிரவுன் கொண்டுவந்த எலும்புகளில் வலது பாதத்தின் நடு எலும்புகள் ஏழு செட் இருந்தன. ஒரு விலங்குக்கு வலது பாதம் ஒன்றுதான், ஆகவே குறைந்தது ஏழு விலங்குகள். அந்த ஏழில் எதற்கும் அளவு பொருந்தாத விரல் எலும்புகள் தனியாக இரண்டு. ஆகவே ஒன்பது. இதைத்தான் ‘குறைந்தபட்சத் தலை எண்ணிக்கை’ என்கிறோம். ஒரு பெட்டியில் செருப்புகள் கலைந்து கிடந்தால் வலது கால் செருப்பை மட்டும் எண்ணுவோம் இல்லையா, அதே கணக்கு.

2008 வரை நடந்த அகழ்வில் ஆல்பர்ட்டோசாரஸ் எலும்புகள் மொத்தம் 1,128 சேர்ந்தன. ஓர் எலும்புக்கூட்டில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் எலும்புகளை வைத்து எண்ணினால் 12 விலங்குகள். இடம், வலம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, இது பெரிய விலங்கின் இடது, அது சிறிய விலங்கின் வலது என்று அளவு பார்த்துப் பிரித்து எண்ணினால் 26. ஆசிரியர் படித்தது இந்த இரண்டாவது எண். இரண்டும் நேர்மையான எண்கள்தான். ஆனால் 12 என்பது உறுதியான அடித்தளம், 26 என்பது அளவு ஒப்பீட்டை நம்பி எழுப்பிய மாடி. உங்கள் பக்கத்தில் எண் போடுவதானால் ‘குறைந்தது 12’ என்று போடுங்கள்.

இந்தக் குவியலில் இரண்டு வயதுக் குட்டியும் உண்டு, பத்து மீட்டருக்கு மேல் நீண்ட கிழட்டு விலங்கும் உண்டு. வயதை எலும்பின் குறுக்குவெட்டில் மரத்தின் ஆண்டு வளையம்போல் தெரியும் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிக் கணிக்கிறார்கள். தாவர உண்ணிகளின் எலும்பு அங்கே மிகக் குறைவு. ஒரே இனம், பல வயது, ஒரே இடம். குடும்பக் கூட்டம் என்று மனசு உடனே சொல்கிறது. கரியும் அந்தப் பக்கமே சாய்ந்தார்: வேகமாக ஓடும் இளசுகள் இரையை விரட்ட, பலசாலிகளான பெரியவை மடக்கியிருக்கலாம் என்று ஒரு யோசனை வைத்தார். அழகான யோசனை. சோதித்துப் பார்க்க வழி இல்லாத யோசனையும்கூட. ஏனென்றால் விரட்டுவதும் மடக்குவதும் எலும்பில் பதியாது. சிங்கத்தின் எலும்புக்கூட்டையும் புலியின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்ல வல்லுநர்களே திணறுவார்கள். ஒன்று கூட்டமாக வாழ்கிறது, மற்றொன்று தனியாகத் திரிகிறது.

சரி, கூட்டமாக வாழாத விலங்குகள் கூட்டமாகச் சாக முடியுமா? தாராளமாக முடியும். இலங்கையின் யால காட்டில் கோடை முற்றும்போது வற்றும் குளங்களில் முதலைகள் நெருக்கியடித்துக் கிடப்பதைப் பாருங்கள். தண்ணீர் இல்லாததால் வந்து ஒதுங்கியவை அவை. அந்தக் குளம் அப்படியே காய்ந்து, அடுத்த மழையில் வெள்ளம் சேறு போட்டு மூடினால், சிறியதும் பெரியதுமாக ஓரினத்து எலும்புக் குவியல் தயார். கோடி ஆண்டு கழித்து அதைத் தோண்டுகிறவர், முதலைகள் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தன என்று எழுதிவிடக் கூடாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிளீவ்லேண்ட்-லாய்ட் என்ற எலும்புப் படுகை இருக்கிறது. சுமார் 15 கோடி ஆண்டுப் பழையது. அங்கே அல்லோசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி மட்டும் குறைந்தது 46. எந்தக் காட்டிலும் இரை விலங்கு அதிகமாகவும் கொல்லும் விலங்கு குறைவாகவும்தான் இருக்கும். இங்கே தலைகீழ்: நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்ட ஊனுண்ணிகள். முதலில் இதைச் சேற்றுப் பொறி என்றார்கள், சிக்கிய இரையைத் தின்ன வந்தவையும் சிக்கின என்று. பிறகு வறட்சி என்றார்கள். 2017-இல் வந்த ஆய்வு, மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றும் ஒரு குட்டையில் பிணங்கள் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தன என்று காட்டியது. 46 அல்லோசாரஸ் ஒன்றையொன்று உயிரோடு பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே ‘ஒரே இடத்தில் இத்தனை’ என்று செய்தி வரும்போதெல்லாம் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காமல் வேறு சிலவற்றைத் தேடுங்கள். எலும்புகள் எல்லாம் ஒரே அளவு வெயில் பட்டிருக்கின்றனவா? வெளியில் கிடக்கும் எலும்பு முதலில் நீளவாக்கில் கீறல் விடும், பிறகு மேல்தோல் செதில் செதிலாக உதிரும், கடைசியில் நார் நாராகப் பிரிந்து பொடியும். கென்யாவின் அம்போசெலி சமவெளியில் கிடந்த எலும்புகளைப் பார்த்து அன்னா பெரன்ஸ்மையர் 1978-இல் இதை 0 முதல் 5 வரை நிலைகளாக வகுத்தார். இன்றும் களத்தில் அதுதான் அளவுகோல். குவியலில் எல்லா எலும்பும் 0 அல்லது 1 நிலையில் இருந்தால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செத்து மூடப்பட்டவை என்று துணிந்து சொல்லலாம். ஒன்று 0, ஒன்று 4 என்று கலந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை.

அடுத்தது தண்ணீர். ஓடும் நீரில் முதுகெலும்புத் துண்டுகளும் விலா எலும்புகளும் முதலில் மிதந்து போய்விடும், மண்டையும் தாடையும் பின்தங்கும். குவியலில் கனமான எலும்புகள் மட்டுமே இருந்தால் ஆறு சலித்துப் போட்டது என்று அர்த்தம். நீண்ட எலும்புகள் எல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடந்தாலும் அதுவே. ஆற்று வளைவில் வந்து சேர்ந்த எலும்புகள் எந்த ஊரில் செத்தவை என்று யார் சொல்வது? டிரை ஐலண்டைப் பொறுத்தவரை, அகழ்வை நடத்தியவர்களே 2010-இல் படுகையின் மண்ணையும் எலும்பையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். விலங்குகள் ஒன்றாக அங்கே இருந்தன என்பதை ஏற்றாலும், புயல் வெள்ளம் போன்ற நெருக்கடி அவற்றை ஒதுக்கியிருக்கலாம் என்ற வாய்ப்பை அவர்கள் மூடவில்லை. கூட்டு வேட்டைக்கு இந்தப் படுகை மட்டும் போதாது.

யூட்டாவிலேயே இன்னோர் இடம், கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே. 2014-இல் ஆலன் டைட்டஸ் அங்கே டெரட்டோஃபோனியஸ் என்ற டைரனோசாரஸ் வகையின் எலும்புகளைக் கண்டார். நான்கு அல்லது ஐந்து விலங்குகள், சிறியதும் பெரியதுமாக. அவற்றோடு மீன், ஆமை, முதலை வகை எலும்புகளும் கலந்து கிடந்தன. குழப்பமான இடம். ஆறு ஒருமுறை தோண்டி மறுபடி புதைத்திருந்தது. அவருடைய குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு, எலும்புக்குள் ஊறிய அரிய மண் தனிமங்களை அளந்ததுதான். எலும்பு கல்லாகும்போது நிலத்தடி நீரிலிருந்து இந்தத் தனிமங்களை உறிஞ்சும். ஒவ்வோர் இடத்து நீருக்கும் ஒரு விகிதம் உண்டு. எல்லா எலும்பிலும் ஒரே விகிதம் இருந்ததால், முதலில் புதைந்ததும் ஒரே இடத்தில்தான் என்று காட்ட முடிந்தது. இரண்டாவது படி ஏறியாகிவிட்டது: சேர்ந்து செத்திருக்கின்றன. மூன்றாவது படிக்கும் ஒரு கால் வைக்கலாம். நான்காவதுக்கு இல்லை.

அர்ஜென்டினாவின் நியூக்கென் மாகாணத்தில் மாபுசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி குறைந்தது ஏழு, வெவ்வேறு வயதில். அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் டாஸ்பிளீட்டோசாரஸ் என்ற டைரனோசாரஸ் வகை மூன்று. நம் நாட்டில் குஜராத்தின் ரஹியோலியில் ராஹியோலிசாரஸ் என்ற ஊனுண்ணியின் வலது கீழ்க்கால் எலும்புகள் மட்டும் ஏழு கிடைத்தன, ஆகவே அங்கும் ஏழு. இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன கேள்விகளே பொருந்தும்.

எலும்பைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது காலடித் தடம். எலும்பு, செத்த விலங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. தடம், உயிருள்ள விலங்கு அந்த நிமிடத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டம்ப்ளர் ரிட்ஜ் ஊருக்கு அருகே டைரனோசாரஸ் வகைத் தடங்கள் கண்டெடுக்கப்பட்டு 2014-இல் ஆய்வாக வெளிவந்தன. மூன்று விலங்குகள், மூன்றும் தென்கிழக்கு பார்த்து நடந்திருக்கின்றன. மூன்று தட வரிசைகளும் சேர்ந்து 8.5 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றின் தடத்தை மற்றொன்று மிதிக்கவில்லை. பதிந்த ஆழமும் மண்ணின் ஈரமும் ஒத்துப்போகின்றன. ஒரு விலங்குக்கு இடது காலின் ஒரு விரலில் முனைப்பகுதியே இல்லை. அந்தக் குறையும் அடுத்தடுத்த இடது தடங்களில் அப்படியே பதிந்திருக்கிறது.

ஆழத்தையும் ஈரத்தையும் ஏன் பார்க்கிறார்கள்? ஏரிக்கரை ஒரு பாதை மாதிரி. காலையில் ஒரு விலங்கு கரையோரம் போகும், சாயங்காலம் இன்னொன்று அதே வழியில் போகும், இரண்டு தடமும் இணையாகத்தான் இருக்கும். இணையாக இருப்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. காலையில் சேறு இளகியிருந்தால் தடம் ஆழமாக, ஓரம் சரிந்து பதியும். சாயங்காலம் காய்ந்த சேற்றில் மேலோட்டமாகப் பதியும். மூன்று வரிசையும் ஒரே மாதிரி பதிந்திருந்தால் கால இடைவெளி குறைவு என்று பொருள். அதோடு இடைவெளி சீராக இருந்து, குறுக்கே வெட்டிக்கொள்ளாமலும் இருந்தால்தான் ‘சேர்ந்து நடந்தன’ என்ற சொல்லுக்கு எடை வருகிறது.

வேகத்தையும் தடத்திலிருந்தே கணக்கிடலாம். படம் வரைகிறவருக்கு இது நேரடியாகப் பயன்படும். தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம் தோராயமாக வரும். 50 செ.மீ. தடம் என்றால் இடுப்பு 2 மீட்டர் உயரத்தில். ஒரு காலின் தடத்திலிருந்து அதே காலின் அடுத்த தடம்வரை உள்ள தூரம் ஓர் எட்டு. அது 3 மீட்டர் என்று வையுங்கள். அந்தத் தூரத்தை இடுப்பு உயரத்தால் வகுத்தால் 1.5. இந்த எண் 2-க்குக் கீழே இருந்தால் நடை, அதற்கு மேலே போகப் போக ஓட்டம். மெக்நீல் அலெக்சாண்டர் 1976-இல் தந்த சூத்திரத்தில் இந்த அளவுகளைப் போட்டால் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். மனிதனின் விறுவிறு நடையைவிடக் கொஞ்சம் வேகம். டம்ப்ளர் ரிட்ஜ் விலங்குகளும் ஓடவில்லை, நடந்துதான் போயிருக்கின்றன. அங்கே இரையின் தடம் துரத்தப்பட்ட நிலையில் இல்லை. மூன்றாவது படி உறுதி, அவ்வளவுதான்.

துரத்தல் போலவே தோன்றும் தடம் டெக்சஸில் பாலக்சி ஆற்றுப் படுகையில் இருக்கிறது. நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியின் தடத்தை ஒட்டியே ஓர் ஊனுண்ணியின் தடமும் போகிறது. ரோலண்ட் பேர்ட் அதைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்து நியூயார்க்குக்கும் டெக்சஸ் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பினார். அதை வேட்டை என்று எடுத்துக்கொண்டாலும், பின்தொடர்ந்ததாக அதில் பதிந்திருப்பது ஒற்றை ஊனுண்ணி.

இந்த ‘ஓநாய்க் கூட்டம்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் ஆசிரியரோடு பேச வசதியாக இருக்கும். பெரிய டைனோசரிலிருந்து அல்ல, டைனோனிகஸ் என்ற சிறிய விலங்கிலிருந்து வந்தது. மூன்று மீட்டர் நீளம், பெரும்பகுதி வால். 1969-இல் ஜான் ஆஸ்ட்ராம் இதற்குப் பெயர் வைத்தார். மான்டனாவில் டெனான்டோசாரஸ் என்ற பெரிய தாவர உண்ணியின் எலும்போடு டைனோனிகஸின் விழுந்த பற்களும், சில இடங்களில் பல டைனோனிகஸ்களின் எலும்புகளுமே சேர்ந்து கிடைத்தன. ஒற்றை ஆளால் அவ்வளவு பெரிய இரையை வீழ்த்த முடியாது, ஆகவே கூட்டம். இந்த வாதம் அப்படியே பெரிய டைனோசர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

2007-இல் பிரையன் ரோச், டேனியல் பிரிங்க்மன் இருவரும் இதை மறுத்தார்கள். கொமோடோ உடும்புகளும் ஒரு பிணத்தைச் சுற்றிப் பல சேரும், சண்டை போடும், சிறியதைப் பெரியது கொல்லும், தின்னும். பல விலங்குகளின் எலும்பு ஓர் இரையோடு கிடப்பதற்கு அந்தக் காட்சியே போதும் என்றார்கள். 2020-இல் இன்னும் நேரான சோதனை ஒன்று வந்தது. பல்லில் உள்ள கார்பன்-13 அளவு, விலங்கு எதைத் தின்றது என்பதைக் காட்டும். ஓநாய்க் கூட்டத்தில் பெரியவை கொண்டுவரும் கறியைத்தான் குட்டிகளும் தின்னும், ஆகவே இரண்டின் பல்லிலும் அளவு ஒத்திருக்க வேண்டும். டைனோனிகஸின் சிறு பற்களுக்கும் பெரும் பற்களுக்கும் அளவு மாறியிருந்தது. அதே பாறையில் கிடைத்த முதலைப் பற்களிலும் அப்படியே மாற்றம். முதலைக் குஞ்சு பூச்சியும் மீனும் தின்று வளர்ந்து பிறகு பெரிய இரைக்கு மாறுவதுபோல, டைனோனிகஸ் குட்டிகளும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டன என்றுதான் இது காட்டுகிறது.

பெரிய விலங்கில் இதையே வயிறு காட்டியது. ஆல்பர்ட்டாவில் கிடைத்த, டைரனோசாரஸ் குடும்பத்து ஓர் இளம் கோர்கோசாரஸ், வயது ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில், எடை சுமார் 335 கிலோ. அதன் வயிற்றுப் பகுதியில் சிட்டிபீஸ் என்ற பறவை போன்ற சிறு டைனோசரின் குட்டிகள் இரண்டின் பின்னங்கால்கள் இருந்தன. 2023-இல் இது வெளியானது. வளர்ந்த கோர்கோசாரஸ் பெரிய தாவர உண்ணிகளைத் தின்ற காலத்தில், இளசு வான்கோழி அளவு குட்டிகளைப் பிடித்துக் காலை மட்டும் கிழித்து விழுங்கியிருக்கிறது. வளர்ந்ததன் தாடை எலும்பை நொறுக்கும். இளசின் தாடை மெலிந்தது, கால் நீண்டது. ஒரே இனத்துக்குள்ளேயே இரண்டு வகை வேட்டைக்காரர்கள். இரண்டு வேறு இரையைத் தேடும் விலங்குகள் தினமும் ஒரே கூட்டமாக வேட்டைக்குப் புறப்படுவதற்குக் காரணம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

‘பெரிய இரைக்குக் கூட்டம் தேவை’ என்ற வாதத்திலும் ஓட்டை உண்டு. ஊனுண்ணிகள் எப்போதும் முழுதாக வளர்ந்த இரையோடு மோதின என்ற எண்ணத்தில் நிற்கிறது அது. டைனோசர்கள் நிறைய முட்டையிட்டவை. எந்தக் காலத்திலும் காட்டில் குட்டிகளும் இளசுகளுமே ஏராளம். தனியாக ஒரு விலங்கு அடித்து முடிக்கக்கூடிய இரை அது. அப்படித் தின்றால் எலும்பும் மிஞ்சாது, அதனால்தான் நமக்குக் குட்டி எலும்புகள் குறைவாகக் கிடைக்கின்றன என்று சொல்வாரும் உண்டு. எனக்கு இது கூட்டு வேட்டையைவிட நம்பத்தக்கதாகப் படுகிறது.

இன்னொரு வாதத்தையும் ஆசிரியர் எடுத்து வைக்கக்கூடும்: காயம்பட்ட விலங்குகள் பிழைத்திருக்கின்றனவே, கூட்டம் ஊட்டாமல் எப்படி? வயோமிங்கில் 1991-இல் கிடைத்த ‘பிக் ஆல்’ என்ற அல்லோசாரஸுக்கு உடைந்து ஆறிய விலா எலும்புகளும், சீழ்பிடித்து வீங்கிய கால்விரலும் உண்டு. ஆனால் காயத்தோடு மாதக்கணக்கில் பிழைப்பது முதலைக்கும் உடும்புக்கும் சாதாரணம். அவற்றுக்கு யாரும் ஊட்டுவதில்லை. எலும்பு ஆறியது என்றால் விலங்கு பிழைத்தது என்று மட்டுமே அர்த்தம்.

மூளையைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. டைரனோசாரஸுக்குக் குரங்கு அளவு நரம்பணுக்கள் இருந்தன என்று 2023-இல் ஒரு கணக்கு வந்தது, 2024-இல் வேறொரு குழு அதை முதலை அளவுக்கு இறக்கியது. மேலும், கூடி வேட்டையாடப் பெரிய மூளை கட்டாயமும் இல்லை. கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனைக் கரைக்கு ஒதுக்குகின்றன. அமெரிக்கப் பாலைவனத்தில் ஹாரிஸ் பருந்துகள் குழுவாக முயலை மடக்குகின்றன. அதே பருந்துக் குடும்பத்தில் பெரும்பாலானவை தனி வேட்டைக்காரர்கள். உறவை வைத்துக் குணத்தைச் சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் நடுப்பக்கம். டைரனோசாரஸும் டிரைசெராடாப்ஸும்தான் வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஒன்று வரையுங்கள். அதற்குச் சான்று இருக்கிறது: ஒரு டிரைசெராடாப்ஸின் புருவக் கொம்பில் டைரனோசாரஸ் பல் பதிந்து, கொம்பு முறிந்து, பிறகு ஆறியிருக்கிறது. அது உயிரோடு தப்பியது. உங்கள் படத்திலும் இரை தப்பிக்க வழி வைக்கலாம். முழுதாக வளர்ந்ததற்குப் பதில் இளசை இரையாக்கினால் இன்னும் நல்லது.

கூட்டம் இருந்தே தீர வேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதம் பிடித்தால் விலங்கை மாற்றுங்கள். ஆல்பர்ட்டோசாரஸ், ஆற்றங்கரை, சிறியதும் பெரியதுமாக ஆறேழு, நடக்கின்றன, வேட்டையாடவில்லை. ஒன்றையொன்று உரசாமல் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். படக்குறிப்பில் ‘கூட்டமாக வேட்டையாடிய’ என்று எழுதாமல் ‘சில சமயம் சேர்ந்து திரிந்திருக்கக்கூடிய’ என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்மாற்றத்தைச் சுருக்கம் கருதி ஆசிரியர் வெட்டப் பார்ப்பார், விடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு காட்சி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஐந்து விலங்குகளையும் அதில் வைத்துக்கொள்ளலாம்: ஒரு பெரிய பிணம், அதைச் சுற்றிப் பல ஊனுண்ணிகள். கொலராடோவின் மைகாட்-மூர் படுகையில், ஆராய்ந்த எலும்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் ஊனுண்ணிகளின் பல் தடம் இருக்கிறது. அல்லோசாரஸ் எலும்பிலேயே பெரிய ஊனுண்ணியின் பல் தடமும் உண்டு. பிணம் கிடைத்தால் வந்து மொய்த்தன, தங்கள் இனத்தையும் விட்டுவைக்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. இதில் ஒழுங்கு வேண்டாம். பெரியது ஒன்று வாயைப் பிளந்து மற்றொன்றை விரட்டட்டும். இளசுகள் இருபது முப்பது அடி தள்ளி, ஓடத் தயாராக, ஒரு கால் முன்வைத்து நிற்கட்டும்.

வரையும்போது கையைக் கவனியுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கூடாது, கை தட்டப் போவதுபோல் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். வால் தரையில் இழுபடாமல் முதுகின் நேர்கோட்டில் நீளட்டும். முகத்துக்கு வரும்போது, டைரனோசாரஸ் குடும்பத்து மண்டைகளில் தாடையோரம் ஆறிய பல் தழும்புகள் ஏராளம், தங்கள் இனத்தோடு முகத்தில் கடித்துக்கொண்ட சண்டையால் வந்தவை. பாதி வளர்ந்த பிறகுதான் அந்தத் தழும்புகள் தொடங்குகின்றன, சின்னஞ்சிறுசுகளில் காணோம். ஆகவே பெரியவற்றின் கன்னத்தில் நாலைந்து வெளிறிய கோடுகளைப் போடுங்கள். தள்ளி நிற்கும் குட்டிகளின் முகத்தை மழமழவென்று விட்டுவிடுங்கள்.